இரண்டு நிற மஃப்ளர்: முதல்முறை ஊசி பிடிப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

மூணாறைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளில் டிசம்பர், ஜனவரி காலையில் கொழுந்து எடுக்கக் கிளம்பும் எல்லோர் தலையிலும் ஒரு மஃப்ளர் இருக்கும். லட்சுமி எஸ்டேட், செண்டுவாரைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் படியும் நாட்களும் உண்டு. கடையில் வாங்குகிற மஃப்ளர் பெரும்பாலும் நீளம் பற்றாது. காதை மூடினால் கழுத்து தெரியும், கழுத்தை மூடினால் காது தெரியும். நாமே பின்னினால் நமக்கு வேண்டிய அளவுக்கு வரும்.

எங்கள் லயத்துத் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகள்) திண்ணையில் ஞாயிறு மதியம் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள், வேலையிலிருந்து நின்ற பாட்டிமாரும் வருகிறார்கள். வயது எதுவானாலும் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊசியே பிடித்ததில்லை. முதல் வேலையிலேயே இரண்டு நிறம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரே நிறத்தைவிட இரண்டு நிறம்தான் புதியவர்களுக்குச் சுலபம் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரே நிறத்தில் பின்னும்போது எத்தனை வரிசை முடிந்தது என்று எண்ணிப் பார்க்கக் கண் வலிக்கும். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாறினால் கோட்டை எண்ணினாலே போதும். தப்பு நடந்தாலும் அந்தக் கோடே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, பத்து வரிசை ஒரே மாதிரி பின்னினால் கைக்குச் சலிப்பு வரும். “இந்தக் கோட்டை முடித்துவிட்டு எழுந்திருப்போம்” என்று உட்கார்ந்தால் வேலை தன்னால் நீளும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு ஜோடி நீள ஊசி, இரண்டு நிறத்தில் உல்லன் நூல், நூல்முனையை உள்ளே செருக மொட்டை முனையுள்ள பெரிய தையல் ஊசி, கத்தரிக்கோல், அளக்க டேப். நழுவிய கண்ணியை (ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை) எடுக்க, கொக்கி முனையுள்ள ஒரு குரோஷா ஊசியும் இருந்தால் நல்லது. அவ்வளவுதான்.

ஊசி எட்டாம் நம்பர் கேளுங்கள். அது 4 மில்லிமீட்டர் கனம். நம் ஊர்க் கடைகளில் பழைய இங்கிலாந்துக் கணக்குதான் நடக்கிறது. அந்தக் கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். பத்தாம் நம்பர் 3.25 மில்லிமீட்டர், ஆறாம் நம்பர் 5 மில்லிமீட்டர். பெரிய நம்பர் என்றால் பெரிய ஊசி என்று நினைத்துப் பன்னிரண்டாம் நம்பர் வாங்கி வந்தவர்கள் உண்டு. அதில் மஃப்ளர் பின்னினால் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் முடியும். சைக்கிள் கம்பியைக் கூராக்கிப் பின்னுகிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். மஃப்ளருக்கு மெலிசு.

அலுமினிய ஊசி குளிரில் சில்லென்று இருக்கும், கண்ணியும் அதில் வழுக்கி ஓடும். மூங்கில் ஊசி கைக்கு இதம், கண்ணியைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். புதிய கைக்கு மூங்கிலே மேல்.

நூல் இரண்டு நிறத்திலும் நூறு நூறு கிராம் வேண்டும். எந்த நிறத்தில் தொடங்கி முடிக்கிறீர்களோ அதில் 50 கிராம் கூடுதலாக வாங்கி வையுங்கள். லேபிளில் லாட் நம்பர் இருக்கும், ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கு ஒரே நம்பர். ஒரு நிறத்தின் எல்லா நூல்கண்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நான் ஒருமுறை நூல் போதாமல் ஒரு மாதம் கழித்து அதே கடையில் அதே பச்சையைக் கேட்டு வாங்கினேன். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது. வெயிலில் பிரித்தால் கடைசி ஒரு முழம் மட்டும் வேறு பச்சை. அப்பா அதைத்தான் கட்டிக்கொண்டு போனார். எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்த ஒரு முழம் கண்ணில் குத்துகிறது.

மூணாறு பஜாரில் வேண்டிய நிறம் கிடைக்காவிட்டால், போடிமெட்டு இறங்கிப் போடிக்கோ, மறையூர் வழியாக உடுமலைக்கோ போகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். நிறத்தின் பெயரைச் சொல்லி அனுப்பாதீர்கள், ஒரு சாண் நூலை வெட்டிக் கொடுத்து அனுப்புங்கள்.

அக்ரிலிக் வாங்கவா, நிஜக் கம்பளி வாங்கவா?

கடையில் உல்லன் என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான். விலை குறைவு, துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது, தோலில் அரிப்பும் எடுக்காது. பழகுவதற்கு அதுவே போதும்.

ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். நம் லயங்களில் இன்னும் விறகடுப்பு எரிகிறது. விடியற்காலையில் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டே அடுப்புக்கு முன்னால் குனிகிறோம். அக்ரிலிக்கில் தீப்பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி அப்படி உருகாது. சீக்கிரம் பற்றாது, தீயை விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். அதனால் சமைக்கிற கைக்கு, அதாவது அம்மாவுக்கோ பாட்டிக்கோ பின்னுகிறீர்கள் என்றால் கொஞ்சம் பணம் கூடினாலும் கம்பளி வாங்குங்கள். அக்ரிலிக்தான் கையில் இருக்கிறது என்றால் குஞ்சம் வைக்காதீர்கள், முனைகளை உள்ளே செருகிக் கட்டச் சொல்லுங்கள்.

எது எது என்று தெரியாவிட்டால் ஒரு விரல்நீள நூலை இடுக்கியால் பிடித்து வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகுகிற வாடை வந்து, நுணுக்கினால் தூளாகிற கரி நின்றால் கம்பளி. உருகிக் கெட்டியான மணிபோல் நின்றால் அக்ரிலிக். இரண்டும் கலந்த நூலில் இரண்டு அடையாளமும் தெரியும்.

கம்பளி என்றாலே குத்தும் என்ற பயம், தாத்தாமார் மழைக்குப் போர்த்திய முரட்டுக் கறுப்புக் கம்பளியால் வந்தது. மெரினோ ஆட்டு ரோமம் மெல்லியது, கழுத்தில் குத்தாது. நமக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையமே இருக்கிறது. அங்கே பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள்.

எந்த இரண்டு நிறம் சேரும்?

ஒன்று வெளிர், ஒன்று அடர் என்று எடுத்தால் எந்த நிறமும் சேரும். புதியவர்கள் செய்கிற தவறு, பிடித்த இரண்டு நிறத்தை எடுப்பது. 2018இல் நீலக்குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சி ஊதாவும் தேயிலைப் பச்சையும் சேர்த்து ஒரு மஃப்ளர் தொடங்கினேன். தனித்தனியாக இரண்டும் அழகு. கோடு கோடாகப் பின்னியதும் நாலடி தள்ளி நின்றால் ஒரே மங்கலாகத் தெரிந்தது, ஏனென்றால் இரண்டும் ஒரே அடர்த்தி. பச்சையை எடுத்துவிட்டு வெண்சந்தன நிறம் சேர்த்தேன். ஊதா உடனே எழுந்து நின்றது. குறிஞ்சி மறுபடி 2030இல்தான் பூக்கும். அதற்குள் அந்த மஃப்ளரை யாரும் விடமாட்டார்கள்.

சோதிக்க எளிய வழி: இரண்டு நூல்கண்டையும் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் வேறு நிறம் பாருங்கள்.

கொழுந்து எடுக்கிற விரல்களில் கறை ஏறியிருக்கும். எலுமிச்சை தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகுதான் வெள்ளை நூலைத் தொட வேண்டும். ஆனால் கறைக்குப் பயந்து வெளிர் நிறத்தையே விட்டுவிடாதீர்கள். மூடுபனியில் ரோட்டோரமாக நடக்கிறவர்களுக்கு மஞ்சளோ வெள்ளையோ கலந்த மஃப்ளர் பாதுகாப்பு. வண்டி ஓட்டுகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும்.

எத்தனை கண்ணி போட வேண்டும்? நீளம் எவ்வளவு?

எட்டாம் நம்பர் ஊசி, நடுத்தரக் கனமுள்ள நூல் என்றால் 40 கண்ணி. என் கையில் அது 19, 20 சென்டிமீட்டர் அகலம் வரும். சிலருக்குக் கை இறுக்கம், 17தான் வரும். அதனால் முதலில் 20 கண்ணி போட்டு ஒரு தீப்பெட்டி உயரத்துக்குப் பின்னி, அகலத்தை அளந்து பாருங்கள். அந்தத் துண்டை வீணென்று நினைக்காதீர்கள், கை பழகுவதும் அதில்தான்.

கழுத்தை மட்டும் சுற்ற 150 சென்டிமீட்டர் போதும். தலையோடு காதை மூடி, தாடைக்குக் கீழே குறுக்கே போட்டுப் பின்கழுத்தில் முடிய 170, 180 வேண்டும். குழந்தைக்கு 30 கண்ணி, 100 சென்டிமீட்டர்.

கண்ணி போடுவதும் பின்னுவதும் எப்படி?

நூல்முனையில் ஒரு சாண் விட்டுச் சுருக்குக் கண்ணி ஒன்று போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். வலக்கை ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாகக் குத்துங்கள். பின்னால் வந்த முனையில் நூலை ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னே இழுங்கள். இப்போது வலக்கை ஊசியில் ஒரு புதுக் கண்ணி இருக்கும். அதைத் தூக்கி இடக்கை ஊசியிலேயே மாட்டுங்கள். இரண்டு கண்ணி ஆயிற்று. இப்படியே நாற்பது வரை.

பின்னுவதும் இதே அசைவுதான். ஒரே வித்தியாசம், இழுத்த புதுக் கண்ணி வலக்கை ஊசியிலேயே நிற்கும், பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். குத்து, சுற்று, இழு, விடு. பிள்ளைகளிடம் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னச் சொல்வேன். நான்காவது வரிசையில் வாய் தானாக நின்றுவிடும், கை ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பின்னல் இருக்கிறதே, அது தெரிய வேண்டாமா?

மேலே சொன்னது நேர்ப் பின்னல். அதற்கு நிட் என்றும் எதிர்ப் பின்னலுக்கு பர்ல் என்றும் புத்தகங்களில் எழுதுவார்கள். எல்லா வரிசையும் நேர்ப் பின்னலே போட்டால் துணி தட்டையாக நிற்கும், வரப்பு வரப்பாக, கனமாக, சூட்டைப் பிடித்து வைக்கும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை எதிர் என்று போட்டால் ஸ்வெட்டர்போல் வழவழப்பாக இருக்கும். ஆனால் ஓரம் சுருண்டு மஃப்ளர் குழாயாகிவிடும். முதல் மஃப்ளருக்கு நேர்ப் பின்னல் மட்டும் போதும்.

நிறத்தை எப்படி மாற்றுவது? எனக்கு இதுதான் பயம்.

இந்த ஒன்றை நிதானமாகப் படியுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் நிறத்தில் இரண்டு வரிசை பின்னுங்கள், போகிற வரிசை ஒன்று, வருகிற வரிசை ஒன்று. இப்போது நூல் தொடங்கின ஓரத்துக்கே வந்து நிற்கும். கண்ணி போட்டபோது விட்ட வால் தொங்குகிறதே, அதற்கு எதிர்ப்பக்கம்தான் இந்த ஓரம். நிறம் மாறுவது எப்போதும் இங்கேதான்.

முதல் நூலை வெட்டாதீர்கள், அப்படியே தொங்கட்டும். இரண்டாம் நிறத்தில் ஒரு சாண் வால் விட்டு, அதை ஊசியில் சுற்றி முதல் கண்ணியைப் பின்னுங்கள். முடிச்சுப் போட வேண்டாம், முடிச்சு பிறகு கழுத்தில் உறுத்தும். முதல் இரண்டு மூன்று கண்ணி லொடலொட என்று இருக்கும். வரிசை முடிந்ததும் வாலை மெல்ல இழுத்தால் சரியாகிவிடும். இரண்டு வரிசை முடித்துத் திரும்பி வந்தால் முதல் நூல் அதே ஓரத்தில் காத்துக்கொண்டிருக்கும். அதை இரண்டாம் நூலுக்கு அடியிலிருந்து எடுத்து மேலே கொண்டுவந்து பின்னுங்கள். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்தே எடுங்கள். ஒருமுறை அடியிலிருந்து, ஒருமுறை மேலிருந்து என்று மாறினால் ஓரம் ஒழுங்கில்லாமல் போகும்.

இங்கே ஒரே ஒரு சூட்சுமம், மேலே கொண்டுவருகிற நூலின் இழுப்பு. இரண்டு வரிசை உயரத்துக்கு அந்த நூல் ஓரத்தில் படுத்துக்கொள்ள வேண்டும். விறைப்பாக இழுத்தால் அந்த ஓரம் மட்டும் சுருங்கி, மஃப்ளர் ஒரு பக்கமாக வாழைப்பழம்போல் வளையும். நான் ஒவ்வொரு மாற்றத்திலும் முதல் கண்ணியைப் பின்னியதும் ஓரத்தைக் கட்டைவிரலால் கீழ்நோக்கி நீவி விடுவேன். நீவும்போது துணி தடையில்லாமல் நீண்டால் இழுப்பு சரி.

ஓரம் அழகாக வர முதல் கண்ணியைப் பின்னாமல் வலக்கை ஊசிக்கு மாற்றிவிடச் சொல்கிறார்களே?

ஒரே நிறத்தில் சரி. இரண்டு நிறத்தில், நிறம் மாறும் ஓரத்தில் அப்படிச் செய்தால் பழைய நிறக் கண்ணி புதிய கோட்டுக்குள் ஏறி நிற்கும். அந்த ஓரத்தில் பின்னிவிடுங்கள். எதிர் ஓரத்தில் வேண்டுமானால் பின்னாமல் மாற்றலாம்.

ஒரு கோடு மூன்று வரிசை வைக்கலாமா?

மூன்று வரிசை முடிந்தால் கையிலிருக்கும் நூல் ஒரு ஓரத்தில், அடுத்த நிறம் எதிர் ஓரத்தில் இருக்கும். எட்டாது. அதனால் 2, 4, 6 என்று இரட்டைப்படையே வையுங்கள். நான்குக்கு மேல் போனால், சும்மா தொங்கும் நூலை இரண்டு வரிசைக்கு ஒருமுறை ஓரத்தில் பின்னுகிற நூலோடு ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் நீள நூல் தொங்கிக் கம்மலிலும் வளையலிலும் மாட்டும்.

ஒரு பக்கம் கோடு சுத்தமாக இருக்கிறது, மறுபக்கம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. நான் செய்தது தப்பா?

தப்பே இல்லை. நேர்ப் பின்னலில் நிறம் மாறும் இடம் ஒரு பக்கம் நேர்கோடாகவும், மறுபக்கம் இரு நிறமும் கலந்த புள்ளிகளாகவும்தான் வரும். எனக்கு அந்தப் புள்ளிப் பக்கமே பிடிக்கும், பனி தெளித்ததுபோல் இருக்கும்.

பிடிக்காதவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். முதலாவது, ஒரு கண்ணி நேர், ஒரு கண்ணி எதிர் என்று மாற்றி மாற்றிப் பின்னுவது. துணி ஓடை ஓடையாகச் சுருங்குவதால் கலந்த புள்ளிகள் பள்ளத்துக்குள் மறைந்து, இரு பக்கமும் ஒன்றுபோல் தெரியும். அகலம் குறையும், கண்ணியைக் கூட்டிப் போடுங்கள்.

இரண்டாவது வழி, நீளவாக்கில் பின்னுவது. கேபிள் வைத்த வட்ட ஊசியில் முந்நூறு கண்ணி போட்டால் அதுவே மஃப்ளரின் நீளம். எண்பது வரிசையில் அகலம் முடிந்துவிடும். கோடுகள் நீளமாக ஓடும். இதில் ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சாண் நூல் விட்டு வெட்டினால், ஒற்றை வரிசைக் கோடும் போடலாம் (அப்போது புள்ளிகள் ஒரு பக்கம் மட்டும் நிற்காது, இரு பக்கமும் வரும்), வெட்டிய வால்களைச் சேர்த்து முடிந்தால் குஞ்சமும் தயார். முந்நூறு கண்ணி போடும்போது இருபதுக்கு ஒருமுறை வேறு நிற நூல் துண்டை அடையாளமாக மாட்டுங்கள். யாராவது வாசலில் கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும்.

40 கண்ணி போட்டேன். இப்போது 43 இருக்கிறது. எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் வரிசையின் முதல் கண்ணியிலிருந்து. ஊசியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் போட்டால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு காலும் இரண்டு கண்ணிபோல் தெரியும். இரண்டிலும் பின்னிவிட்டால் ஒன்று கூடிவிட்டது. நூல் எப்போதும் ஊசிக்குக் கீழே தொங்க வேண்டும், அங்கிருந்து பின்னே போக வேண்டும். ஒவ்வொரு கோடும் முடிந்ததும் எண்ணுங்கள்.

அக்கா, ஒரு கண்ணி நழுவிப் போச்சு. எல்லாம் பிரிந்துவிடுமா?

பிரியாது. இழுக்காமல் கீழே வையுங்கள். நழுவிய கண்ணியில் உடனே ஒரு சேஃப்டி பின்னை மாட்டினால் அது அதற்குமேல் இறங்காது. பிறகு குரோஷா ஊசியால் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு வரலாம். நேர்ப் பின்னலில் ஒரு படி முன்னிருந்தும் அடுத்த படி பின்னிருந்தும் ஏற்ற வேண்டியிருக்கும். அது குழப்பினால், தயங்காமல் அந்தக் கோட்டைப் பிரித்துவிடுங்கள். இரண்டு வரிசை பிரிப்பது பத்து நிமிட வேலை. பிரித்த நூல் எங்கும் போகாது.

இரண்டு நூலும் சிக்குகிறது.

ஒரு முறை வலப்பக்கமாகவும் அடுத்த முறை இடப்பக்கமாகவும் துணியைத் திருப்புங்கள், முறுக்கு தானாகவே அவிழும். கண்டு இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில், காலுக்கு இரு பக்கம் வையுங்கள். வீட்டில் பூனை இருந்தால் மூடியுள்ள டப்பா.

குறிஞ்சிப் பூ மாதிரி படம் போடலாமா?

முதல் மஃப்ளரில் வேண்டாம். ஒரே வரிசையில் இரு நிறம் பின்னும்போது, வேலையில்லாத நூல் பின்பக்கம் குறுக்கே ஓடும். ஸ்வெட்டரில் அது உள்ளே மறையும். மஃப்ளரில் பின்பக்கமும் வெளியே தெரியும், விரலும் மாட்டும்.

எப்படி முடிப்பது?

இரண்டு கண்ணி பின்னுங்கள். முதல் கண்ணியை இடக்கை ஊசியால் தூக்கி இரண்டாவதற்கு மேலாகத் தாண்ட விடுங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்ட விடுங்கள். கடைசிக் கண்ணியில் நூலை வெட்டி உள்ளே இழுத்தால் முடிந்தது. இதை வேண்டுமென்றே தளர்வாகச் செய்யுங்கள். இறுக்கினால் தொடக்க முனை அகலமாகவும் முடிவு முனை குறுகலாகவும் நிற்கும். ஏழாம் நம்பர் ஊசி இருந்தால் முடிக்க மட்டும் அதை எடுங்கள்.

தொங்கும் வால்களை மொட்டை ஊசியில் கோத்து, அதே நிறக் கோட்டுக்குள் ஒரு பக்கம் ஏழெட்டுக் கண்ணி போய், திரும்பி எதிர்ப்பக்கம் நாலு கண்ணி வந்து வெட்டுங்கள்.

எப்படித் துவைப்பது? சாயம் ஓடுமா?

சிவப்பு, கறுப்பு, கருநீலம் எதையாவது வெள்ளையோடு சேர்த்தால், பின்னும் முன்பே அந்த நூலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். கறை பிடித்தால் வேறு நூல் வாங்குங்கள். முடித்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், மறுபடி நீளாது. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, கசக்காமல் அமுக்கி எடுப்பது, துண்டில் சுருட்டிப் பிழிவது. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் இழுபட்டு நீண்டுவிடும். கட்டிலில் துண்டு விரித்துப் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஜூன் மழையில் உலரவே மூன்று நாள் ஆகும். அதனால் மழை தொடங்கும் முன் துவைத்து, நன்றாக வெயில் காட்டி மூடி வைத்துவிடுங்கள். அடுப்புக்கு மேல் கட்டி உலர்த்த வேண்டாம்.

எத்தனை நாளில் முடியும்?

150 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 600 வரிசை, அதாவது 24,000 கண்ணி. புதிய கைக்கு ஒரு வரிசைக்கு நாலு நிமிடம் என்றால் 40 மணி நேரம். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் 40 நாள். பாதி தாண்டும்போது கை வேகம் பிடிக்கும். நவம்பர் முதல் வாரம் கண்ணி போட்டால் கிறிஸ்துமஸுக்குள் கழுத்தில் ஏறிவிடும்.

மிஞ்சிய நூலை என்ன செய்வது?

இரு நிறத்திலும் சேர்த்து 40, 50 கிராம் மிஞ்சும். 16 கண்ணி போட்டு, அதே இரண்டு வரிசைக் கோட்டில் 45 சென்டிமீட்டர் பின்னி, இரு முனையிலும் நூல் கயிறு வைத்தால் குழந்தைக்குக் காதுப் பட்டை. அதிலும் கொஞ்சம் நூலை வெட்டாமல் எடுத்து வையுங்கள். மஃப்ளர் எங்காவது செடியில் மாட்டிக் கிழிந்தால் அதே லாட் நூல் வேறெங்கும் கிடைக்காது.